லேப்டாப்பா, டேப்லெட்டா, டெஸ்க்டாப்பா? வேலையைப் பார்த்து வாங்குவோம்

எங்கள் ஊர்க் குழுவில் பன்னிரண்டு பேர். பி.ஜி.எஸ். சான்றிதழுக்காகச் சேர்ந்தோம். ஒருவர் வயலை மற்றவர்கள் நேரில் பார்த்து உறுதி சொல்லும் முறை அது. குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்தால் ஒரு குழு. அப்புறம் நெல்லையும் அரிசியையும் சேர்ந்தே விற்கத் தொடங்கினோம். "நீதான் கொஞ்சம் படிச்சவன்" என்று கணக்கு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மூன்று வருசம் நோட்டில் எழுதினேன். விற்பனை கூடியதும் நோட்டு தாங்கவில்லை. குழுவின் பொதுப்பணத்தில் 17,000 ரூபாய் எடுத்து ஒரு டேப்லெட் வாங்கினோம். "அண்ணே, இதுல எல்லா வேலையும் பார்க்கலாம்" என்றார் கடைத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலையை அதில் செய்ய முடியும் என்பது வேற, தினமும் தப்பில்லாமல் செய்ய முடியும் என்பது வேற. அது எனக்குப் புரிய ஒரு தை மாசம் ஆயிற்று.

கருப்புக் கவுனி விற்ற பணத்தைப் பிரித்துக் கொடுத்த மறுநாள், குழுவில் உள்ள ஒரு பெரியம்மா வீட்டுக்கு வந்தார். "தம்பி, நான் ஆறு மூட்டை போட்டேன். நாலுக்குத்தான் பணம் வந்திருக்கு. என் ரெண்டு மூட்டை எங்கப்பா?" கையில் காலண்டர் தாள். அதில் ஆறு கோடு. டேப்லெட்டைத் திறந்து பார்த்தால், அவருடைய ரெண்டு மூட்டை மேல் வரியில், இன்னொருத்தர் பெயரில் ஏறியிருந்தது. சின்னத் திரையில் பதினான்கு கட்டம். என் விரல் ஒரு கட்டம் தள்ளிப் பட்டிருக்கிறது.

பணம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் ரெண்டு வாரம் ஊரில் பேச்சு அடங்கவில்லை. ஒருத்தர் வயலுக்கு இன்னொருத்தர் சாட்சி சொல்லும் குழுவில், கணக்கில் சந்தேகம் வந்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

அன்றைக்கு மகள் கேட்டாள்: "அப்பா, மண்ணைப் பார்க்காம ரகம் எடுப்பீங்களா? என்ன வேலைன்னு எழுதிப் பார்க்காம இதை எப்படி வாங்குனீங்க?" அப்புறம்தான் ஒரு வாரம் நான் செய்த வேலைகளை எழுதிப் பார்த்தேன். அதிலிருந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

டேப்லெட்: வயலுக்கு ஏற்றது

வரப்பில் நின்று படம் எடுக்க, பூச்சியைக் காட்டி ஆலோசனை கேட்க, காணொளி பார்க்க, உறுப்பினர் வயலைப் பார்வையிடும்போது படிவத்தில் குறிக்க, இதைவிட வசதி இல்லை. சிம் போடும் வகை வாங்கினால் வயலிலேயே இணையம் கிடைக்கும். உள்ளே காற்றாடி கிடையாது, அதனால் தூசி பெரிய தொல்லை இல்லை. பேசினால் தமிழில் எழுதிக்கொள்ளும் வசதியும் உண்டு.

குறைகளும் உண்டு. ஈரக்கை, பஞ்சகவ்யக் கை பட்டால் திரை சொன்னபடி கேட்காது. வெயிலில் கிடந்தால் சூடேறி நின்றுவிடும், பேட்டரிக்கும் கெடுதல். நீளமான கணக்கு அட்டவணைக்கு விரல் ஒத்துவராது. தனியாகக் கீபோர்டும் மவுசும் வாங்கிச் சேர்த்தால் பழைய லேப்டாப் விலை நெருங்கிவிடும். உடைந்தால் பழுது பார்ப்பதும் கஷ்டம்.

டெஸ்க்டாப்: ஒரே இடத்து வேலைக்கு

குழுவுக்கென்று பூட்டக்கூடிய அறை, நிலையான மின்சாரம், தினமும் மூன்று நான்கு மணி நேர வேலை இருந்தால் டெஸ்க்டாப்பே நல்லது. பெரிய திரை, கண்ணுக்கு இதம். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம்; பக்கத்து டவுனிலேயே ஆள் கிடைப்பார். நல்ல மாட்டை வைத்துக்கொள்வதுபோல, பார்த்துக்கொண்டால் வருசக்கணக்கில் உழைக்கும்.

ஆனால் கரண்டு போனால் அதுவும் போச்சு. சின்ன யு.பி.எஸ். பத்துப் பதினைந்து நிமிசம் தாங்கும். அது சேமித்துவிட்டு அணைக்கத்தான், வேலை பார்க்க அல்ல. நெல் மூட்டை அடுக்கிய அறையில் வைத்தால் உமித்தூசி உள்ளே போய் காற்றாடியை அடைக்கும், எலி வயரைக் கடிக்கும். எங்களுக்குத் தனி அறை கிடையாது. அதனால் இது சரிவரவில்லை.

லேப்டாப்: நடுவில் நிற்பது

கீபோர்டு இருக்கிறது. கரண்டு போனாலும் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். கூட்டம் நடக்கும் வீட்டுக்குத் தூக்கிப் போகலாம். மின்செலவும் குறைவு: திரையோடு சேர்த்து 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 40 வாட் இழுக்கும் லேப்டாப் 25 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். சூரிய மின்சாரத்தை நம்பி இருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

புதுசுதான் வாங்க வேண்டும் என்பதில்லை. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. உள்ளே இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, இடமிருந்தால் ரேமையும் கூட்டினால், கடிதமும் கணக்கும் எழுத ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. அதனால் பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. கணக்குக்கு லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. இரண்டுமே இலவசம். தமிழ்99 விசைப்பலகையைப் பத்து நாள் பழகினால் விரல் தானாக ஓடும்.

பழையது வாங்குகிறவர்கள் நான்கைப் பாருங்கள்: ரேம் 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி., எல்லா விசையும் வேலை செய்கிறதா, சார்ஜர் இல்லாமல் எவ்வளவு நேரம் ஓடுகிறது. கடைசியைக் கடையிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

எதை வாங்கினாலும்

விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைப்போமா? கணக்கும் அப்படித்தான். வாரம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். வயல் குறிப்பேட்டையும் விடாதீர்கள். எந்த நாளில் என்ன இடுபொருள் போட்டோம் என்பது கையெழுத்தில் இருக்கட்டும்.

நாங்கள் கடைசியில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினோம். டேப்லெட்டை விற்கவில்லை; வயல் பார்வைக்குப் போகிறவர்கள் கையில் இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிப் பார்த்திருந்தால் டேப்லெட்டுக்கு முன் லேப்டாப் வந்திருக்கும். கைபேசியே வயல் வேலைக்குப் போதுமா என்றும் யோசித்திருப்போம். வாங்கப் போகிறவர்கள் அந்த ஒரு வாரப் பட்டியலை மட்டும் எழுதாமல் கடைக்குப் போகாதீர்கள்.

இப்போது பணம் பிரிக்கும் நாளில் திரையை எல்லோர் பக்கமும் திருப்பி வைத்து, ஒவ்வொரு பெயரையும் மூட்டைக் கணக்கையும் சத்தமாகப் படிக்கிறேன். எல்லோரும் சரி என்ற பிறகுதான் பணம். பெரியம்மா இன்னமும் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டுதான் வருகிறார். போடட்டும். அதுவும் ஒரு பிரதிதானே!