பூகம்பமும் முதல் சில மணி நேரச் செய்திகளும்

செய்தியின் அருமையை வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் மண்டியிலிருந்து வரும் ஒரு தகவலை நம்பித்தான் அன்றைய கொள்முதலையே முடிவு செய்கிறோம். ஆனால் பெரிய பூகம்பம் ஒன்று நிகழ்ந்த முதல் சில மணி நேரங்களில் வரும் செய்திக்குத் தனிக் குணம் உண்டு. அதை அறிந்து வைத்திருப்பது நமக்கும் நல்லது, நம் கடைக்கு வருவோருக்கும் நல்லது.

செய்தி வராத ஊர்

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26. குடியரசு தினம். காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பச்சாவ் அருகே பூமி அதிர்ந்தது. முதலில் வந்த செய்திகளில் பெரும்பாலானவை அகமதாபாத்தைப் பற்றியவை. அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. படம் பிடிக்கவும் செய்தி அனுப்பவும் ஆட்கள் இருந்தார்கள்.

ஆனால் பேரழிவு நடந்தது 300 கிலோமீட்டர் தள்ளி, புஜ், அஞ்சார், பச்சாவ் ஆகிய ஊர்களில். அங்கே தொலைபேசியும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. கட்ச் பகுதிக்குச் செல்லும் சூரஜ்பாரி பாலம் சேதமடைந்தது. புஜ் நகரின் அரசு மருத்துவமனையே இடிந்து விழுந்தது. அஞ்சாரில் குடியரசு தின ஊர்வலம் சென்ற பள்ளிக் குழந்தைகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் குறுகிய தெருவில் இடிபாடுகளில் சிக்கி மாண்டனர். இவையெல்லாம் வெளியுலகுக்கு முழுமையாகத் தெரிய நேரம் பிடித்தது. குஜராத் அரசின் கணக்கின்படி இறந்தோர் 13,805 பேர்.

1995 ஜனவரி 17 அதிகாலை ஜப்பானின் கோபே நகரிலும் இதே கதைதான். முதல் அறிவிப்புகளில் கியோட்டோ போன்ற ஊர்களின் அதிர்வு அளவே வந்தது. கோபேயின் அளவு தாமதமாக வந்தது. அந்தப் பூகம்பத்தில் இறந்தவர்கள் 6,434 பேர்.

இதிலிருந்து தெரிவது என்ன? சேதம் குறைந்த ஊர்தான் முதலில் பேசும். அதிகம் அடிபட்ட ஊர் வாய் திறக்க முடியாமல் கிடக்கும். முதல் எண்ணிக்கையும் நிலையானதல்ல. குஜராத் பூகம்பத்தின் அளவை நம் வானிலைத் துறை 6.9 என்றது. அமெரிக்க மையம் முதலில் 7.9 என்றும் பின்னர் 7.7 என்றும் சொன்னது.

வதந்தியின் வேகம்

உண்மைச் செய்தி வராத இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ, யோகஹாமா நகரங்களைப் பூகம்பமும் தீயும் அழித்தன. அப்போது கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்ற பொய் பரவியது. அதை நம்பிய கும்பல்கள் கொரியர்களைத் தேடித் தேடிக் கொன்றன. பலியானவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். பூகம்பத்தில் தப்பியவர்களைப் பொய் கொன்றது.

ஒரு ஒலிபெருக்கி செய்த வேலை

நம் கரையில் நடந்ததையும் மறக்கலாகாது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்திரா அருகே கடலடியில் பூகம்பம். தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் வீணாயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

புதுச்சேரிப் பகுதியில் உள்ள நல்லவாடு கிராமம் மட்டும் வேறு விதமாகத் தப்பியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். கடல் நிலவரம் சொல்வதற்காக ஊர் அறிவு மையத்தில் வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் பிழைத்தது. சரியான செய்தி, நம்பிக்கையான ஆள், எல்லோர் காதுக்கும் எட்டும் ஒரு கருவி. இந்த மூன்றும் போதுமாக இருந்தன. சுனாமி எச்சரிக்கைக்கென ஹைதராபாத்தில் மையம் செயல்படத் தொடங்கியது 2007-இல்தான்.

நாம் செய்ய வேண்டியவை

மளிகைக் கடை என்பது ஊர்ச் செய்தி கைமாறும் இடம். கல்லாவில் இருப்பவர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆகவே:

1. மாநிலத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், ஊரைக் கேளுங்கள். சீரகத்துக்குப் பேர்போன உஞ்ஜா சந்தை வட குஜராத்தில், கட்ச் மாவட்டத்துக்கு வெளியே உள்ளது. சமையல் எண்ணெய் இறங்கும் காண்ட்லா துறைமுகமோ கட்ச் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2001-இல் சேதமும் அடைந்தது. இரண்டுக்கும் ஒரே விதமாகப் பயந்து சரக்கை வாங்கிக் குவிப்பது தவறு.

2. பூகம்பம் எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி உலகில் எங்கும் இல்லை. "இரவு இத்தனை மணிக்கு மறுபடி வரும்" என்று யார் சொன்னாலும் அது பொய். பின்னதிர்வுகள் வரும் என்பது மட்டும் உண்மை; விரிசல் விட்ட கட்டடத்துக்குள் போகாதீர்கள்.

3. வெளியூர்ச் சரக்குதாரர் போன் எடுக்கவில்லை என்றால் கோபிக்காதீர்கள். திரும்பத் திரும்ப அழைத்து லைனை அடைக்காமல், சுருக்கமாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் காத்திருங்கள். பாக்கித் தொகையைப் பற்றிப் பேசும் நாள் அதுவல்ல.

4. கேட்டதைச் சொல்லும்போது யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

எடையில் குறை வைக்காதவர் என்று பெயர் எடுக்க நமக்குப் பல வருடம் ஆகிறது. ஆபத்து நேரத்தில் சொல்லும் செய்தியிலும் அதே நேர்மை இருந்தால், ஊருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.