உள்ளே போன கடல்... வெளியே வந்த உலகம்!

'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது... பக்தர்கள் அதிர்ச்சி!' - அமாவாசை, பௌர்ணமி வந்தா போதும், இந்த ஃப்ளாஷ் நியூஸும் கூடவே வந்துடும். அப்படி என்னதான் நடக்குது? ஒரு அமாவாசைக்கு எங்க காலேஜ் கேங் அங்கே ஆஜர்!

வழக்கமா அலை அடிக்கிற இடத்துல, பச்சைப் பாசி போர்த்திய பாறைகள். நடுவுல அங்கங்கே தண்ணிக் குழிகள். அஞ்சு நிமிஷம் அசையாம உட்கார்ந்தா, ஒவ்வொரு குழியும் ஒரு அக்வேரியம்! காலிச் சங்குனு நினைச்சது நடக்குது... உள்ளே குடியிருக்கிறது துறவி நண்டு. பாறையில சிமென்ட் பூசின மாதிரி ஒட்டியிருக்கிறது கொட்டலசு. தண்ணி வத்தினதும் கதவைச் சாத்திக்கிட்டு, கடல் திரும்பி வர்ற வரை ஈரத்தைக் காப்பாத்திக்கிற கில்லாடி!

காரணம் சிம்பிள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியன், பூமி, நிலா மூணும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் நிற்கும். சூரியனும் நிலாவும் கூட்டணி போட்டு இழுக்க, கடல் வழக்கத்தைவிட அதிகமா ஏறும், அதிகமா இறங்கும். தூத்துக்குடி பக்கம் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. அப்புறம் எப்படி இவ்வளவு தரை தெரியுது? இன்ஜினீயரிங் மூளைக்கு ஈஸி கணக்கு. 60 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுள்ள கரையில, தண்ணி அரை மீட்டர் இறங்கினாலே 30 மீட்டர் தரை வெளியே வந்துடும்!

"எங்களுக்கு இது என்ன புதுசா தம்பி? ஆறு மணி நேரம் வத்தும், ஆறு மணி நேரம் ஏறும். கல்லைப் புரட்டிப் பாத்தா, இருந்த மாதிரியே திருப்பி வச்சிருங்க. அதுதான் அதுகளுக்கு வீடு" என்றார் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெரியவர்.

ஆனா, எல்லா உள்வாங்கலும் நிலா வேலை இல்லை பாஸ்! 2004 டிசம்பர் 26-ம் பௌர்ணமிதான். ஆனா, அன்னிக்குக் கடலை ஆட்டிவெச்சது சுமத்ரா பூகம்பம். தாய்லாந்தின் ஃபூகெட் பக்கம், அலைக்கு முன்னாடி சில நிமிஷங்களிலேயே கடல் பின்வாங்கியது. வேடிக்கை பார்க்க இறங்கியவர்களில் பலர் திரும்பவே இல்லை. வித்தியாசம் இதுதான்... ஓதம் மணிக்கணக்கில் மெதுவா இறங்கும். சுனாமி நிமிஷக்கணக்கில் உறிஞ்சும்.

கிளம்புறவங்களுக்கு...

* தாழ் ஓத நேரத்தை முன்கூட்டியே பாருங்க. ஹைதராபாத்தின் 'இன்காய்ஸ்' மையம் அந்தக் கணிப்பையும் சுனாமி எச்சரிக்கையையும் தருது.

* பாசி வழுக்கும், முள் குத்தும். கிரிப் உள்ள செருப்பு மஸ்ட்.

* கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை... கை வெச்சா வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும்!

அடுத்த ஃப்ளாஷ் நியூஸ் வந்தா அலறாதீங்க. ஆனா, கண்ணெதிரே கடல் கடகடனு உள்ளே போனா, கேமராவை எடுக்காதீங்க... மேட்டைப் பார்த்து ஓடுங்க!