சூதாட்ட விடுதியும் ஊரார் வாக்கும்

அமெரிக்காவிலுள்ள பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் சட்டசபை 2004-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. ஜூலை 4 அந்த நாட்டாருக்குச் சுதந்திரத் திருநாள். ஊரெங்கும் விருந்தும் வாணவேடிக்கையுமாக இருக்கும் அந்தத் தினத்தில் சட்டசபையின் பக்கம் காது கொடுத்த பிரஜைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மறுநாளே கவர்னர் எட்வர்ட் ரெண்டல் அதில் கையெழுத்திட்டுவிட்டார்.

அந்த மசோதாவின் பூர்வோத்தரம் விசித்திரமானது. அவ்வருஷம் பிப்ரவரி மாதம் சபைக்கு வந்தபோது அது ஒரு பக்கத்துக்குச் சற்றே அதிகமான சிறு மசோதா. குதிரைப் பந்தயத்தில் ஈடுபடுகிறவர்களின் பழைய நடத்தையைப் போலீஸார் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்பதே அதன் விஷயம். ஜூலை முதல் தேதி மேல்சபையில் அந்த மசோதா 140 பக்கங்களுக்கு மேல் வளர்ந்துவிட்டது! ராஜ்யத்தில் 14 சூதாட்ட விடுதிகள் வரை ஏற்படலாம், அவற்றில் மொத்தம் 61,000 சூதாட்ட யந்திரங்கள் வரை வைக்கலாம் என்ற ஏற்பாடுகள் அதனுள் புகுந்திருந்தன. நான்கு நாளில் எல்லாம் முடிந்தது. பகீரதன் கங்கையைக் கொண்டுவரப் பட்ட பாடெல்லாம் இந்தக் காலத்துச் சட்ட நிபுணர்களுக்கு வேண்டியதில்லை.

இந்த அவசரத்துக்குக் காரணம் பணந்தான். டெலவேர் நதிக்கு அக்கரையில் நியூ ஜெர்ஸி ராஜ்யம் இருக்கிறது. அங்கே அட்லாண்டிக் நகரில் 1978 முதல் சூதாட்ட விடுதிகள் நடந்து வருகின்றன. (அந்த ராஜ்யத்தார் 1976-ல் ஜனங்களின் வோட்டு எடுத்த பிறகே அதற்கு இடங்கொடுத்தார்கள் என்பதை நேயர்கள் மறவாமலிருக்க வேண்டும்.) நம் ராஜ்யத்தார் பணம் ஆற்றைத் தாண்டிப் போகிறதே என்று பென்ஸில்வேனியா மந்திராலோசனைக்காரர்கள் ஏங்கினார்கள். யந்திரங்களில் விடுதிக்காரர்களுக்குக் கிட்டும் வருமானத்தில் பாதிக்கு மேற்பட்ட தொகை பல வகை வரியாகச் சர்க்காருக்கும் சர்க்கார் குறிப்பிட்ட காரியங்களுக்கும் வந்து சேரும். அதைக் கொண்டு வீட்டு வரியைக் குறைக்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் விடுதிக்கு லைசென்ஸ் கொடுப்பதா, வேண்டாமா, எந்தத் தெருவில் கொடுப்பது என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதும் அதே சர்க்கார் நியமித்த போர்டுதான். லாபத்தில் பெரும் பங்கு பெறப்போகிறவரே பஞ்சாயத்துத் திண்ணையிலும் உட்கார்ந்தால் நியாயம் கேட்க வருகிறவர்களின் மனம் எப்படி இருக்கும்? போர்டில் அங்கத்தினர் ஏழு பேர். மூவரைக் கவர்னரும் நால்வரைச் சட்டசபைக் கட்சித் தலைவர்களும் நியமித்தார்கள்.

ராஜ்யத்தின் மிகப் பெரிய நகரமாகிய பிலடெல்பியாவுக்கு மட்டும் இரண்டு தனி விடுதிகள் என்று சட்டம் விதித்திருந்தது. 1776-ல் சுதந்திரப் பிரகடனம் பிறந்த ஊர் அது. அதை ஸ்தாபித்தவர் வில்லியம் பென் என்னும் க்வேக்கர் மதத்தார். அவருடைய 1682-ம் வருஷத்துச் சட்டங்களில் சீட்டாட்டமும் பகடையும் தண்டனைக்குரிய குற்றங்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. அதை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 1670-ல் லண்டனில், தெருவில் நின்று பிரசங்கம் செய்தார் என்பதற்காகப் பென் கைதாகி நீதிமன்றத்தில் நின்றபோது, "எந்தச் சட்டப்படி என் மீது வழக்கு? அந்தச் சட்டத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டார். நீதிபதிகள் காட்டவில்லை, கோபங்கொண்டார்கள். இவர் குற்றவாளியென்று சொல்ல மறுத்த ஜூரிகளை அன்ன ஆகாரமின்றிப் பூட்டி வைத்தார்கள். அப்படியும் ஜூரிகள் பணியவில்லை. அந்தப் பென்னின் நகரத்தார் மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

பிலடெல்பியாவின் இரு லைசென்ஸுக்கு ஐந்து கம்பெனிகள் மனுச் செய்தன. 2006-ம் வருஷத்தில் போர்டு பகிரங்க விசாரணைகள் நடத்திற்று. ஜனங்கள் பேசினார்கள், ஆளுக்குச் சில நிமிஷங்கள். ஆனால் எதைப் பற்றிப் பேசுவது? கட்டடம் எத்தனை பெரியது, தெருவில் எத்தனை வண்டிகள் வரும், அக்கம் பக்கத்துக் குடும்பங்களுக்கு என்ன நேரும் என்பவற்றைப் பற்றிய தஸ்தாவேஜுகளில் பல ஊராருக்குக் கிடைக்கவில்லை. ஆதாரத்தைப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல் என்றால், கண்ணைக் கட்டிவிட்டுச் சித்திரத்தைப் பற்றிக் கேட்பது போலத்தான். அப்புறம் அதே போர்டு, "இவர்கள் ஆதாரமில்லாமல் ஆவேசமாகப் பேசுகிறார்கள்" என்று சொல்வதும் சுலபமாகிவிடுகிறது.

அவ்வருஷத்தில் 'காஸினோ-ஃப்ரீ பிலடெல்பியா' என்னும் பிரஜைகள் சங்கம் தோன்றிற்று. சூதாட்டம் பாவம் என்று பிரசங்கம் செய்து கொண்டிருந்தால் ஒருவேளை அதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அது கையாண்ட யுக்தி வேறு. தஸ்தாவேஜுகளையெல்லாம் இன்ன தேதிக்குள் வெளியிடுங்கள். இல்லாவிட்டால் நாங்களே வந்து தேடி எடுத்துக் கொள்கிறோம் என்று போர்டுக்குப் பகிரங்கமாக அறிவித்தது. தவணை கழிந்தது. டிசம்பர் மாதம் ராஜ்யத்தின் தலைநகரான ஹாரிஸ்பர்க்குக்குப் போய்ப் போர்டின் ஆபீஸுக்குள் நுழைய முயன்றார்கள். போலீஸார் 14 பேரைக் கைது செய்தார்கள். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கை ஓங்காமல் சிறை புகுவது நம் நாட்டாருக்குப் புதிதல்லவே! உப்பு எடுக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காகிதம் எடுக்கப் போனவர்களின் மனம் புரியாமற் போகுமா?

டிசம்பர் 20-ந் தேதி போர்டு தீர்ப்புச் சொல்லிற்று. நதிக்கரையின் வடபகுதியில் 'ஷுகர்ஹவுஸ்' என்ற விடுதிக்கும், தென்பகுதியில் 'ஃபாக்ஸ்வுட்ஸ்' என்ற விடுதிக்கும் லைசென்ஸ். இரண்டும் குடும்பங்கள் வசிக்கும் வீதிகளுக்கு அருகில். காரணங்களை விவரிக்கும் உத்தரவு அடுத்த வருஷந்தான் வெளிவந்தது.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வடபகுதியில் விடுதி அமையவிருந்த இடத்தை ஒட்டிய ஃபிஷ்டவுன் தொழிலாளர் பேட்டையில் விடுதி வரட்டும் என்றவர்களும் கணிசமாக இருந்தார்கள். ஆலைகள் மூடிக் கிடக்கும் பேட்டையில் நூற்றுக்கணக்கான வேலைகள் வருமென்றால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியுமா? ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டார் மாறுபட்டு நின்றார்கள். யார் பக்கம் அதிகம் பேர் என்று தெரிந்து கொள்ள ஒரே வழி வோட்டு எடுப்பதுதான். எதிர்ப்பாளர் கேட்டதும் அதைத்தான்.

வீடு, பள்ளிக்கூடம், கோயில் இவற்றுக்கு 1,500 அடி தூரத்துக்குள் சூதாட்ட விடுதி கூடாது என்று நகரச் சாஸனத்தைத் திருத்துவதற்கு ஜனங்களின் வோட்டு எடுக்க வேண்டும் என்று 27,000 கையெழுத்துக்கள் சேர்த்தார்கள். 20,000 போதுமானது. நகரசபை ஏகமனதாக ஒப்புக்கொண்டு 2007 மே 15-ந் தேதித் தேர்தலில் அந்தக் கேள்வியைச் சேர்த்தது. ஆனால் லைசென்ஸ் போர்டு ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஏப்ரல் 13-ந் தேதி கோர்ட்டு தடை உத்தரவு போட்டுக் கேள்வியை வோட்டுச் சீட்டிலிருந்து நீக்கிவிட்டது. ராஜ்யத்துச் சட்டத்தை நகரச் சட்டம் மீறலாகாது என்பது வாதம். வாதத்தில் சட்டம் இருக்கலாம். ஆனால் கோழியைக் கேட்டா மசாலா அரைப்பார்கள் என்று ஊரார் முணுமுணுத்தால் அவர்களைக் குற்றஞ் சொல்ல முடியாது.

முணுமுணுப்போடு அவர்கள் நிற்கவில்லை. தேர்தல் தினத்தன்று வோட்டுச் சாவடிகளுக்கு வெளியே தாங்களே பெட்டி வைத்துத் தனி வோட்டு எடுத்தார்கள்! பதினாயிரம் பேருக்கு மேல் வந்து சீட்டுப் போட்டார்கள். மிகப் பெரும்பாலோர் விடுதி அருகில் வேண்டாம் என்றார்கள். சட்டப்படி அந்த வோட்டுக்கு ஒரு செப்புக் காசு மதிப்பும் கிடையாது. இருந்தும், கேட்க மறுத்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

முடிவு பாதி வெற்றி, பாதி தோல்வி. ஷுகர்ஹவுஸ் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2019-ல் அதற்கு 'ரிவர்ஸ்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஃபாக்ஸ்வுட்ஸ் எதிர்ப்புக்கு அஞ்சி 2008-ல் நதிக்கரையை விட்டு நகரின் மத்திக்கு வரப் பார்த்தது. அங்கே அருகிலிருந்த சைனாக்காரர் பேட்டையார் எழுந்தார்கள். மறுபடியும் நதிக்கரை, மறுபடியும் தாமதம். பணம் திரட்ட முடியாமற் போகவே 2010 டிசம்பரில் போர்டே அதன் லைசென்ஸை ரத்துச் செய்தது. அந்த லைசென்ஸ் 2014-ல் வேறு கம்பெனிக்குக் கிடைத்து, நகரின் தென்கோடியில் விளையாட்டு மைதானங்களுக்கு அருகே 2021-ல் விடுதி திறக்கப்பட்டது.

வேறு விதமாக இதை நடத்தியிருக்க முடியாதா என்று கேட்கலாம். 2011-ல் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தார் செய்த சட்டத்தில், கம்பெனி முதலில் ஊரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தை எல்லாரும் படித்த பிறகு ஊரார் வோட்டுப் போட வேண்டும். அதில் ஜயித்தவர்களுக்கே லைசென்ஸ் என்று வைத்தார்கள். 2013 நவம்பரில் பாமர் என்ற சிறு ஊர் நூற்றுக்கும் குறைவான வோட்டு வித்தியாசத்தில் மறுத்தது. மறுபடியும் எண்ணிப் பார்த்தார்கள்; மாறவில்லை. கம்பெனி மூட்டை கட்டிற்று. பாஸ்டன் நகரின் கிழக்குப் பேட்டையாரும் அதே தினத்தில் வேண்டாம் என்றார்கள். ஆனால் அருகிலுள்ள எவரெட் ஊரார் அவ்வருஷம் ஜூன் மாதமே பெருவாரியாகச் சம்மதித்திருந்தார்கள். 2014-ல் லைசென்ஸ் அங்கே போயிற்று. 2019 ஜூனில் விடுதியும் திறந்தது.