“நீ வாயை மட்டும் அசை!” – பாட்டு வகுப்பில் பறிபோகும் குரல்கள்

சென்னைப் பள்ளிகளில் ஆண்டு விழா வந்துவிட்டால் மேடையில் 10 பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பட்டுப்பாவாடை, வேட்டி, நெற்றியில் சந்தனப் பொட்டு. பாட்டு அமர்க்களமாக இருக்கும். பெற்றோர் கை தட்டுவார்கள்.

சரி, அதே வகுப்பில் படிக்கும் மற்ற 40 பேர் எங்கே?

அவர்களுக்கும்தான் பாட்டு வகுப்பு நடந்தது. வாரத்தில் ஒரு பீரியட். ஆனால் முதல் மாதத்திலேயே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. “உனக்குக் குரல் இல்லை, பின்னாடி போய் உட்கார்” என்பது ஒரு தீர்ப்பு. “கூட்டத்தோட நில்லு, வாயை மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது” என்பது இன்னொரு தீர்ப்பு.

கணக்கு வராத பிள்ளைக்கு ட்யூஷன் வைக்கிறார்கள். இங்கிலீஷ் வராத பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடத்துகிறார்கள். பாட்டு வராத பிள்ளையை மட்டும் வாயை மூடச் சொல்கிறார்கள். இது என்ன நியாயம்?

சட்டத்தில் இடம் இருக்கு!

பாட்டு, ஓவியம் எல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். 6 முதல் 8-ம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக் கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

அதன்படி தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அப்போது வாரத்தில் 3 அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதச் சம்பளம் ரூ.5,000. அது படிப்படியாக உயர்ந்து 2024-ல் ரூ.12,500 ஆனது. ஆனால் இந்த 16,549 பேரில் ஓவியம், தையல், கம்ப்யூட்டர், உடற்கல்வி என்று பங்கு போனது போக மிச்சம்தான் பாட்டுக்கு.

எனவே ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. கையில் இருப்பதோ கொஞ்ச நேரம்தான். ஆண்டு விழா நெருங்குகிறது. தலைமை ஆசிரியர் “நல்லா பாடுறவங்களைப் பொறுக்கி எடுங்க” என்கிறார். வீட்டில் காசு கொடுத்துப் பாட்டு கற்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் முன் வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். ஏற்கனவே தெரிந்தவர்களுக்கே மறுபடியும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. தெரியாதவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

குற்றம் குரலில் இல்லை, கட்டையில்!

“இவனுக்குச் சுருதி சேரலை” என்று ஒதுக்கப்படும் பையன்களில் பலருக்கு உண்மையில் ஒரு குறையும் கிடையாது. அவர்கள் வயதுதான் காரணம்.

12 முதல் 15 வயதுக்குள் பையன்களுக்குக் குரல் உடைகிறது. தொண்டையில் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீளமாகின்றன. நேற்று வரை தங்கை குரலில் பேசியவன் இன்று அப்பா குரலில் பேசுகிறான். பெண்கள் பொதுவாக 5 கட்டைச் சுருதியை ஒட்டிப் பாடுவார்கள். ஆண்களுக்கு 1 அல்லது 2 கட்டைதான் வசதி. இருபாலரும் படிக்கும் 8-ம் வகுப்பில் சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்து “எல்லாரும் பாடுங்க” என்றால் என்ன ஆகும்? பையன் குரல் கிறீச்சிடும். வகுப்பே சிரிக்கும். அவன் அன்றோடு பாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுகிறான்.

இதற்கு மருந்து செலவில்லாதது. அந்தப் பையன்களைத் தனி வரிசையாக நிறுத்தி, சுருதியை இறக்கிப் பாடவிட்டால் போதும். உச்சம் போகாத, நாலைந்து ஸ்வரத்துக்குள் அடங்கும் பாட்டாகக் கொடுக்கலாம். குரல் நிலைப்பட்டதும் பாட்டு தானே வரும்.

ஏணிக்கு முதல் படி வேண்டாமா?

பாட்டைப் பிள்ளைக்குத் தகுந்தபடி சொல்லிக் கொடுப்பது ஏதோ புது நாகரிகம் அல்ல. 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்த புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் எதற்காக? புதிதாகக் கற்பவர் ஒவ்வொரு படியாக ஏறட்டும் என்பதற்காகத்தான். கர்நாடக இசையின் பாட முறையே கற்பவரை மனதில் வைத்துப் பிறந்தது.

அந்த ஏணியில் முதல் படியையே பத்தடி உயரத்தில் வைத்துவிட்டு, ஏற முடியாதவனைப் பார்த்து “உனக்குக் கால் இல்லை” என்றால் எப்படி?

பெஞ்சில் தட்டினால் தண்டனை!

வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் கானா கேட்டு வளர்ந்த பையன் பெஞ்சில் தட்டினால் “ரவுடித்தனம் பண்ணாதே” என்று முட்டி போட வைக்கிறார்கள். அடுத்த பீரியடில் பாட்டு டீச்சர் வந்து தாளம் சொல்லிக் கொடுக்கிறார்! பையனுக்கு இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதே தெரியாது.

ஆதி தாளம் 8 எண்ணிக்கை. ஒரு லகுவுக்கு 4, இரண்டு திருதத்துக்கு இரண்டிரண்டு. பையன் பெஞ்சில் தட்டும் கானா நாலு நாலாக நடந்தால், அதன் மேலேயே இந்த எட்டைப் போட்டுக் காட்டலாம். “நீ தட்டினதுதாம்பா இது” என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நிமிர்ந்து உட்காருவான். அம்மா பாடும் தாலாட்டு, பாட்டியின் கும்மி, கோவில் பஜனை, சர்ச் பாட்டு, நாகூர் ஹனிபா பாட்டு – ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பாட்டோடுதான் பள்ளிக்கு வருகிறது.

பறையைச் சாவு மேளம் என்று சொல்லி, அடிப்பவர்களையும் சேர்த்து ஒதுக்கிய ஊர் இது. காலம் மாறியிருக்கிறது. 2015-ல் பெசன்ட் நகர் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் மீனவர் குப்பத்தில் கலை விழா தொடங்கியது. கர்நாடக இசையும் மக்கள் கலைகளும் அங்கே ஒரே மேடை ஏறின. 2025-ல் மதுரை அலங்காநல்லூர் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பத்மஸ்ரீ வாங்கிய பறைக்குப் பள்ளி வகுப்பறையில் இடம் இல்லையா?

அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய கலைத் திருவிழாவில் நாட்டுப்புறக் கலைகளும் போட்டிக்கு வந்தன. நல்ல காரியம். ஆனால் அதுவும் போட்டிதான். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகப்போகப் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவார்கள். கடைசியில் நிற்பவருக்குக் கலையரசன், கலையரசி பட்டம். தோற்றவருக்கும் போட்டிக்கே வராதவருக்கும் வகுப்பில்தான் இசை கிடைக்க வேண்டும்.

காது கேட்காதவர் அடித்த டிரம்!

“காது கேட்காத பிள்ளைக்குப் பாட்டு வகுப்பில் என்ன வேலை?” என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளென்னிக்கு 8 வயதில் காது மந்தமாகத் தொடங்கியது. 12 வயதுக்குள் அநேகமாகக் கேட்காமலே போய்விட்டது. அவர் உலகம் புகழும் தாள வாத்தியக் கலைஞர் ஆனார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் டிரம் கலைஞர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்! மேடையில் செருப்பு போடமாட்டார். அதிர்வைப் பாதத்தாலும் உடம்பாலும் உணர்ந்து வாசிக்கிறார்.

நம் பள்ளியில் தவிலும் பறையும் போதும். தோலின் மீது பிள்ளையின் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரியும். எண்ணிக்கையைக் கண்ணால் பார்க்கும்படி கை அசைத்துக் காட்டினால் தாளத்தில் சேர்ந்துகொள்ளும். கண் தெரியாத பிள்ளைக்கோ கவலையே இல்லை. நம் சங்கீதமே காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொல்லும் பாடம்தானே?

என்ன செய்யலாம்?

வகுப்பில் 50 பேர் இருந்தால் 50 பேருக்கும் வேலை கொடுக்கலாம். பாடத் தயங்குகிறவன் தாளம் போடட்டும். அதுவும் கூச்சமென்றால் இரண்டு வரி பாட்டு எழுதட்டும். டிபன் பாக்ஸ், பெஞ்சு, மண்குடம் எல்லாம் வாத்தியம்தான்.

தனியாக எழுப்பிப் பாடச் சொல்லி மானத்தை வாங்காமல், முதலில் எல்லாரும் சேர்ந்து, பிறகு நாலு நாலு பேராகப் பாடவிடலாம். வாரம் ஒரு பாட்டைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். மார்க் போடுவதாக இருந்தால் பக்கத்துப் பையனோடு ஒப்பிடாமல், ஜூன் மாதம் இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன முன்னேற்றம் என்று பார்த்துப் போடலாம். ஆண்டு விழாவில் ஒரு பாட்டாவது முழு வகுப்பும் மேடை ஏறிப் பாடட்டும். ஒன்றிரண்டு அபஸ்வரம் விழுந்தால் குடி முழுகிப் போகாது.

ஆர்வம் அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் மாவட்ட இசைப் பள்ளிகளும் இருக்கின்றன. வித்வான்களை உருவாக்குவது அவற்றின் வேலை. பயமில்லாமல் வாய் திறக்கப் பழக்குவதுதான் பள்ளியின் வேலை.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. “பாட்டு போட்டியில் ப்ரைஸ் வாங்கினியா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, “இன்னிக்குப் பாட்டு கிளாஸ்ல நீ என்ன பண்ணினே?” என்று கேட்டுப் பாருங்கள். “சும்மா உட்கார்ந்திருந்தேன்” என்று பதில் வந்தால், மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய் ஏன் என்று விசாரியுங்கள்!