நெஞ்சு உறையில் தங்கும் இழைகள்

1950களில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் காசநோய்க்குச் சிகிச்சை பெற்ற சிலர் குணமாகவே இல்லை. நெஞ்சில் நீர் கோத்தது, மூச்சு வாங்கியது, மருந்து எதுவும் கேட்கவில்லை. அவர்களில் பலர் நீலக் கல்நார், அதாவது நீல ஆஸ்பெஸ்டாஸ், வெட்டியெடுக்கப்பட்ட வடமேற்குக் கேப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்பதை மருத்துவர் ஸ்லெக்ஸ் கவனித்தார். 1960இல் நோயியல் நிபுணர் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சாண்ட் மூவரும் 33 நோயாளிகளைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் கல்நாரோடு தொடர்பு இருந்திருக்க வாய்ப்புத் தெரிந்தது. சிலர் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை. அதன் அருகே வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான்.

அந்த நோயின் பெயர் மீசோதீலியோமா. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் அரிய புற்றுநோய் இது. சிலருக்கு வயிற்று உறையிலும் வரும்.

கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகள் மூச்சோடு உள்ளே போய் அந்த உறைவரை சேர்கின்றன. தூசியை விழுங்கி அகற்றும் செல்களால் நீண்ட இழைகளை முழுதாக விழுங்க முடிவதில்லை. அந்தப் போராட்டத்தில் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது; அக்கம்பக்கத்துச் செல்களின் டிஎன்ஏ சிதைகிறது. நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். 2020இல் பயன்பாட்டுக்கு வந்த நோயெதிர்ப்பு மருந்துக் கூட்டு, நோயாளிகள் உயிர்வாழும் இடைநிலைக் காலத்தை 14 மாதங்களிலிருந்து 18 மாதங்களாக உயர்த்தியது. முழுக் குணம் இன்னும் எட்டவில்லை. ஆகவே தடுப்பதே வழி.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவிலோ கூரை ஷீட்டுக்காக வெள்ளைக் கல்நார் இறக்குமதியாகி வந்திருக்கிறது. உடையாத ஷீட்டில் சிமெண்ட் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும். அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் அவை காற்றில் கலக்கின்றன. அதிக ஆபத்து கூரை வேயும், பிரிக்கும் தொழிலாளிக்கே.

கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளை, வேலையில் சேர்ந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் நாள்கூலிக்கு ஷீட் அறுப்பவருக்குப் பதிவேடு ஏது? நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். மருந்து கேட்காதபோது, “இளவயதில் என்ன வேலை செய்தீர்கள், எங்கே குடியிருந்தீர்கள்?” என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நோயாளியே சொல்ல வேண்டும். கிம்பர்லியில் நோயின் வேர் பிடிபட்டது, நோயாளி எந்த ஊர்க்காரர் என்று ஒரு மருத்துவர் கவனித்ததால்தான்.