வீடுகளுக்கு நடுவே ஒரு விளையாட்டரங்கு

இங்கிலாந்து நாட்டுக்குச் செல்வோர் பலர் லண்டன் மாநகரின் மாளிகைகளையும் பொருட்காட்சிச் சாலைகளையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அந்நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர் சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றையேனும் ஒரு சிறிய கால்பந்து மைதானத்தில் கழித்தல் வேண்டும். அத்தகைய மைதானங்களுள் ஒன்றான கெனில்வொர்த் ரோடு என்னும் அரங்கைப் பற்றி இப்போது காண்போம்.

லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில், பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், லூட்டன் என்னும் நகரம் அமைந்துள்ளது. வைக்கோலைப் பின்னித் தொப்பி செய்யும் தொழிலுக்கு அது ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. அதனால்தான் 1885-இல் தோன்றிய லூட்டன் டவுன் என்னும் கால்பந்துக் கழகத்தை இன்றும் ‘தொப்பிக்காரர்கள்’ என்றே மக்கள் அழைக்கின்றனர். தொழில் மறைந்தாலும் பெயர் மறையவில்லை. அக்கழகம் 1905-ஆம் ஆண்டு முதல் விளையாடி வரும் இடமே கெனில்வொர்த் ரோடு. அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அங்கு நடந்த முதல் ஆட்டத்தில் பிளிமத் ஆர்கைல் அணியுடன் மோதி, இரு தரப்பும் கோல் எதுவும் போடாமல் சமநிலையில் முடிந்தது.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் விரைவு ரயிலேறினால் அரை மணி நேர அளவில் லூட்டனை அடையலாம். அங்கிருந்து பெரி பார்க் என்னும் பகுதியை நோக்கிச் சுமார் இருபது நிமிடம் நடக்க வேண்டும். வழியெல்லாம் துணிக்கடைகளும் இனிப்புக் கடைகளும் பள்ளிவாசல்களும் தென்படும். பாகிஸ்தானிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் குடியேறிய குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது. மைதானம் எங்கே என்று தேடும் புதியவர் திகைத்துப் போவார். பெரிய கோபுரமோ, அகன்ற முற்றமோ, அலங்கார வாயிலோ அங்கு இல்லை. ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கூரைகளுக்கு மேலே நீண்டு நிற்கும் விளக்குக் கம்பங்களே மைதானம் அருகில் உள்ளது என்பதை அறிவிக்கும்.

ஓக் ரோடு என்னும் தெருவில் உள்ள நுழைவாயில் உலகப் புகழ் பெற்றது. வெளியூர் அணியின் ஆதரவாளர்கள் அவ்வழியாகவே உள்ளே செல்கின்றனர். வீடுகளின் வரிசையில் இரு வீடுகளுக்கு இடையே இருக்க வேண்டிய கீழ்த்தளத்தில் கதவுகள் திறந்திருக்கும். மேல்தளத்தில் குடித்தனம் நடந்துகொண்டிருக்கும். அந்தக் கதவைக் கடந்து இரும்புப் படிக்கட்டில் ஏறுகிறோம். இரு மருங்கிலும் வீடுகளின் கொல்லைப்புறங்கள் தெரிகின்றன. ஒரு வீட்டில் துணி உலர்கிறது. மற்றொரு வீட்டில் குழந்தையின் மிதிவண்டி சாய்ந்து கிடக்கிறது. இவற்றைப் பார்த்துக்கொண்டே ஏறிச் சென்றால் திடீரெனப் பச்சைப் புல்வெளி கண்ணுக்கு முன்னே விரிகிறது. வீட்டுக்குள் நுழைந்து மைதானத்துக்குள் வெளிப்பட்டோமோ என்னும் வியப்பு எவருக்கும் தோன்றும்.

இவ்வாறு வீடுகளின் நடுவே மைதானத்தை அமைத்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை இங்கிலாந்தின் தொழில் வரலாற்றில் இருக்கிறது. 1850-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என விதித்தது. அரைநாள் விடுமுறை மெல்ல மெல்ல மற்றத் தொழில்களுக்கும் பரவியது. ஓய்வு கிடைத்ததும் விளையாட்டு வளர்ந்தது. ஆலையை விட்டு வெளிவந்த தொழிலாளி உணவருந்திவிட்டு நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவில் மைதானம் இருந்தால்தான் அவனால் ஆட்டத்தைக் காண முடியும். ஆகவே மைதானங்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அருகிலேயே எழுந்தன. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் மரபும் இதிலிருந்தே பிறந்தது.

அன்று நன்மையாக இருந்த நெருக்கமே பின்னர் இடையூறும் ஆயிற்று. கெனில்வொர்த் ரோடு மைதானத்தின் ஒரு பக்கத்தில் டன்ஸ்டபிள் ஊருக்குச் செல்லும் இருப்புப் பாதை ஓடியது. ஏனைய பக்கங்களில் வீடுகள் இருந்தன. எனவே அரங்கை விரிவாக்க இடமே இல்லாமற் போயிற்று. அந்த இருப்புப் பாதை மறைந்து, 2013 முதல் பேருந்துகளுக்கென்றே அமைந்த தனிப்பாதை அங்கு இயங்குகிறது. அரங்கின் நெருக்கடி மட்டும் குறையவில்லை.

அரங்கின் பகுதிகளைச் சற்றே பார்ப்போம். முதலில் இருந்த தலைமைப் பார்வையாளர் மாடம் 1921-இல் தீக்கிரையாயிற்று. அதற்குப் பதிலாக 1922-இல் எழுந்த மாடமே பிற்காலத்து விரிவுகளுடன் நின்று நிலவுகிறது. மரத்தாலான பழைய இருக்கைகளையும், கூரையைத் தாங்கும் தூண்களையும் அதில் காணலாம். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர் ஆட்டம் முழுவதும் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எதிர்ப்புறத்து மாடத்துக்கு ‘பாபர்ஸ்’ என்று பெயர். ‘பாப்’ என்பது ஒரு ஷில்லிங் நாணயத்துக்கு அந்நாட்டுப் பாமர மக்கள் இட்ட பெயர். ஒரு ஷில்லிங் கொடுத்து நுழைந்த இடமாதலால் அப்பெயர் வந்தது. ஷில்லிங் நாணயம் வழக்கொழிந்த பின்னும் பெயர் வாழ்கிறது.

இச்சிறிய அரங்கு கண்ட பெருநாட்களும் உண்டு. 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், பிரிஸ்டல் ரோவர்ஸ் அணியை எதிர்த்து லூட்டன் ஆடவேண்டியிருந்தது. முன்வரிசை ஆட்டக்காரர்கள் காயமுற்றிருந்ததால், நடுக்காப்பு வரிசையில் ஆடிப் பழகிய ஜோ பேய்ன் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞரை முன்னணியில் நிறுத்தினர். அவர் தனி ஒருவராகப் பத்துக் கோல்களைப் போட்டார்! லூட்டன் பன்னிரண்டுக்குச் சூனியம் என்ற கணக்கில் வென்றது. ஆங்கிலக் கால்பந்து லீகின் ஓர் ஆட்டத்தில் அந்தப் பத்தை எவரும் இதுவரை விஞ்சவில்லை. வாய்ப்பு எதிர்பாராத வேளையில் கதவைத் தட்டும். அப்போது ஆயத்தமாக இருப்பவனே பெயர் பெறுவான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? 1959-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் பிளாக்பூல் அணியுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தைக் காண 30,069 பேர் இங்குத் திரண்டனர். பாதுகாப்பு விதிகள் கடுமையான இக்காலத்தில் அவ்விடத்தில் சுமார் 12,000 பேரே அமரலாம். அன்று எத்துணை நெருக்கமாக மக்கள் நின்றிருப்பர் என்பதை இதனால் உணரலாம்.

துன்ப நாட்களையும் மறைத்தல் முறையன்று. 1985-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் மில்வால் அணி இங்கு ஆட வந்தபோது பெருங்கலகம் மூண்டது. இருக்கைகள் பிடுங்கி எறியப்பட்டன. காவலர்கள் பலர் காயமுற்றனர். இதன் விளைவாக, 1986 முதல் நான்கு பருவங்களுக்கு வெளியூர் ஆதரவாளர் எவரும் உள்ளே வரக்கூடாது என்று லூட்டன் கழகம் தடை விதித்தது. உறுப்பினர் அட்டை உள்ளவருக்கே அனுமதி. அத்தடையைத் தளர்த்த மறுத்தமையால் 1986–87 பருவத்தில் லீக் கோப்பைப் போட்டியிலிருந்தே கழகம் விலக்கப்பட்டது. ஆயினும் 1988-இல் அதே கோப்பையை, வெம்ப்ளி மைதானத்தில் ஆர்சனல் அணியை 3–2 என்ற கணக்கில் தோற்கடித்து லூட்டன் கைப்பற்றியது.

இங்கு ஒரு பெரிய கேள்வி எழுகிறது. கூட்டமாக வரும் மக்களை நாம் விருந்தினராகக் கருதுவதா, குற்றவாளிகளாகக் கருதுவதா? நாடெங்கும் கால்பந்து ரசிகர்கள் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று அன்றைய அரசு சட்டம் இயற்ற முற்பட்டது. ஆனால் அதே காலத்தில் நிகழ்ந்த இரு பெருந்துயரங்கள் வேறொரு பாடத்தைக் கற்பித்தன. 1985-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் பிராட்ஃபோர்ட் நகரில் மரத்தாலான பார்வையாளர் மாடம் தீப்பற்றி 56 பேர் மாண்டனர். பலகைகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையே நெருப்புக்கு உணவாயிற்று. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கம்பி வேலிக்குள் நசுங்கிய நெரிசல் 97 உயிர்களைக் கொண்டது. முதலில் ரசிகர்கள் மீதே பழி சுமத்தப்பட்டது. இறந்தோரின் குடும்பத்தினர் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் போராடினர். 2016-இல் விசாரணை மன்றத்தின் நடுவர் குழு, ரசிகர்கள் மீது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது.

ஹில்ஸ்பரோ துயரை ஆராய்ந்த நீதிபதி டெய்லர் 1990-இல் அளித்த அறிக்கை, பெரிய அரங்குகளில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடையாள அட்டைத் திட்டத்தை ஆதரிக்கவில்லை. அத்திட்டம் கைவிடப்பட்டது. லூட்டன் கழகமும் வெளியூர் ரசிகர்களுக்குத் தன் கதவை மீண்டும் திறந்தது. ஓக் ரோடு படிக்கட்டில் இன்று ஏறிச் செல்லும் வெளியூர் இளைஞன், ஒரு காலத்தில் தனக்கு அடைக்கப்பட்டிருந்த வழியிலேயே ஏறுகிறான் என்பதை அறிந்தால் அப்படிகளின் அருமை விளங்கும்.

கழகமே அழிந்துவிடுமோ என்ற நிலையும் ஒருமுறை வந்தது. கடன் சுமை முற்றிய நிலையில், முந்தைய நிர்வாகத்தின் காலத்துத் தவறுகளுக்காகப் பத்துப் புள்ளிகளும், கடன் தீர்க்கும் முறையில் விதி நிறைவேறாமைக்காக இருபது புள்ளிகளுமாக, 2008–09 பருவத்தில் முப்பது புள்ளிகள் கழிக்கப்பட்டன. ஓட்டப் பந்தயத்தில் மற்றவர்கள் கோட்டில் நிற்க, ஒருவனை மட்டும் நெடுந்தூரம் பின்னே நிறுத்தியது போன்றது இது. லூட்டன் கால்பந்து லீகிலிருந்தே வெளியேறியது. அப்போது கழகத்தை வாங்கிக் காத்தவர்கள் அதன் ஆதரவாளர்கள் சிலரே. 2014-இல் அது லீகுக்குத் திரும்பியது. கழகத்தின் பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றை ரசிகர் சங்கத்தின் இசைவின்றி மாற்றலாகாது என்னும் உரிமையும் அவ்வாண்டே சட்டப்படி வழங்கப்பட்டது. 2023 மே மாதம் வெம்ப்ளியில் கவென்ட்ரி அணியைப் பெனால்டி உதைகளில் வென்று, நாட்டின் உச்சநிலைப் போட்டியான பிரீமியர் லீகை லூட்டன் எட்டியது. உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் அந்தக் கொல்லைப்புறங்களுக்கு நடுவே வந்து ஆடினர். 2024-இலும் 2025-இலும் அடுத்தடுத்துக் கீழ்ப்பிரிவுகளுக்கு அது இறங்கியது உண்மையே. ஏற்றமும் இறக்கமும் அவ்வூராருக்குப் புதியன அல்ல.

இனி, செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுதல் நலம். சிறிய அரங்காதலால் இடம் எளிதில் தீர்ந்துவிடும். எந்த அணியின் ஆதரவாளர் பகுதியில் அமர்கிறீர்களோ அந்த அணிக்குரிய உற்சாகத்தையே அங்குக் காட்டுதல் வழக்கம். லூட்டன் ஆதரவாளர்களிடையே ஆரஞ்சு நிறம் மிகுந்திருக்கும். ஆட்டம் நாற்பத்தைந்து நிமிடம் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறும்; இடைவேளை பதினைந்து நிமிடம். குளிர்காலத்தில் கம்பளி உடை இன்றியமையாதது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது மக்கள் குடியிருக்கும் தெரு என்பதை மறவாதீர்கள். படிக்கட்டிலிருந்து பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், வாசலில் குப்பை போடுவதும் நல்ல விருந்தினருக்கு அழகல்ல.

வானொலிக்கும் இவ்விளையாட்டுக்கும் உள்ள உறவையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பி.பி.சி. நிறுவனம் முதன்முதலாகக் கால்பந்து லீக் ஆட்டம் ஒன்றை நேர்முகமாக வருணித்தது 1927 ஜனவரி 22-ஆம் நாள். மைதானத்தை எண்ணிட்ட சதுரங்களாகப் பிரித்த வரைபடம் ஒன்று பத்திரிகையில் அச்சாகி வந்தது. பந்து எந்தச் சதுரத்தில் உள்ளது என்று ஒருவர் எண்ணைச் சொல்ல, வீட்டில் இருந்தோர் படத்தில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தனர். காதால் கேட்டே மைதானத்தைக் கண்முன் கொண்டுவந்த காலம் அது.

லூட்டன் நகர மையத்தில், முன்பு மின் நிலையம் இருந்த பவர் கோர்ட் என்னும் இடத்தில் புதிய அரங்கு எழுப்புவதற்கு 2019-இல் திட்ட அனுமதி கிடைத்தது. புதிய அரங்கில் இப்போதுள்ளதைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்டோர் அமர வழியுண்டு. தூண் மறைக்காத இருக்கைகளும், முதியோரும் உடற்குறை உள்ளோரும் சிரமமின்றி வந்துபோகும் வசதியும் வேண்டியவையே. பழமையின் பெயரால் அவற்றை மறுப்பது நியாயமன்று. ஆனால் வசதியோடு அண்மையும் சேர்ந்து குடிபெயர்கிறதா என்பதே கவனிக்கத்தக்கது. தொழிலாளி நடந்து வந்து சேர்ந்த மைதானம் அவனுடைய பேரனுக்கும் எட்டும் தொலைவில், எட்டும் விலையில் இருக்க வேண்டும். அதை ஊர் மக்கள் காத்துக்கொள்வார்களாயின், ஓக் ரோட்டின் படிக்கட்டுகள் ஒருநாள் மறைந்தாலும் அவற்றின் பயன் மறையாது.