புது வண்டியும் முதல் ஆயிரம் கிலோமீட்டரும்

(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



நம்மில் யாராவது புது பைக் எடுத்துவிட்டால் போதும், கேள்விகள் தயாராக இருக்கும். "மைலேஜ் எவ்ளோ தருது?" "டாப்ல எவ்ளோ போகும்?" "ட்ரீட் எப்போ மாப்ளே?" இந்த மூன்றுக்கும் அடுத்ததாக ஒரு கேள்வி உண்டு. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. "முதல் ஆயிரம் கிலோமீட்டரை எப்படி ஓட்டப் போறே?"

எங்கள் வீட்டில் இந்த ஆண்டு 125 சி.சி. வண்டி ஒன்று எடுத்தோம். அப்பா சொசைட்டியில் லோன் போட்டு முன்பணம் கட்டினார். மீதி, மூன்று வருஷத் தவணை. நான் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை வண்டி நன்றாக உழைக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஓட்டுகிறவன் முழுசாக வீடு திரும்ப வேண்டும். இரண்டுக்கும் அஸ்திவாரம் இந்த முதல் ஆயிரம் கிலோமீட்டர்தான்.

கோயில் வாசலில் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகி, எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றி இறக்கியாச்சு. இனி வண்டி நம்மிடம் பேச ஆரம்பிக்கும். முதல் சில நாட்களில் அது சொல்வதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இன்ஜின் ஏன் இறுக்கமா இருக்கு?"

முதலில் கவனத்துக்கு வருவது இதுதான். பக்கத்து வீட்டு அண்ணனின் ஐந்து வருஷப் பழைய வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நம் புது வண்டியோ ஏதோ பிடித்து இழுப்பது போல இருக்கும். ஏமாற்றமாக இருந்தாலும், காரணம் நாம் படித்த பாடத்திலேயே இருக்கிறது.

ஹோனிங் என்று ஒரு ஆபரேஷன் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சிலிண்டரின் உள்சுவரில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்படி போடுவார்கள். அந்தக் கோடுகளின் பள்ளத்தில்தான் ஆயில் தங்கும். மேடுகளின் மேல் பிஸ்டன் ரிங் உரசிப் போகும். புது இன்ஜினில் மேடுகள் கூராக இருக்கும். ஓட ஓட அவற்றின் முனை தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தும். இதற்குத்தான் ரன்னிங்-இன் என்று பெயர். ஆக, வண்டியைத் தொழிற்சாலை முக்கால்வாசி செய்து அனுப்புகிறது. மீதியைச் செய்து முடிப்பவர் ஓட்டுகிறவர்!

எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. பொருந்துவதற்கு இந்த அழுத்தம் வேண்டும். அதே சமயம் அளவுக்கு மீறி முறுக்கினால் உராய்வுச் சூடு ஏறி உலோகம் கீறிக்கொள்ளும். அதனால்தான் நடுவழி. முழு த்ராட்டில் கூடாது. டாப் கியரில் 20 கி.மீ. வேகத்தில் முக்க வைப்பதும் கூடாது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். எத்தனை கி.மீ. வரை எந்த வேகம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அது கையேட்டில் அச்சாகியிருக்கிறது. சீட்டுக்கு அடியில் கவரோடு தூங்கும் அந்தப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இப்படித் தேயும் உலோகத்தூள் எல்லாம் எங்கே போகும்? ஆயிலில்தான் கலக்கும். முதல் சர்வீஸில் ஆயில் மாற்றச் சொல்வதற்கு இதுவே காரணம். "ஓசி சர்வீஸ்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், அந்தத் தூளை வைத்தே இன்ஜினைத் தேய்க்கிறோம் என்று பொருள்.

ஆயில் விஷயத்தில் இன்னொன்று. பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தகடுகள் ஆயிலிலேயே நனைந்திருக்கும். உராய்வைக் குறைப்பதற்கென்றே மருந்து சேர்த்த சில கார் ஆயில்களை இதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற தரக்குறியைப் பார்த்து வாங்குங்கள்.

வாசனை, சத்தம், வெளிச்சம்

முதல் நாள் சைலன்சரிலிருந்து ஒரு கருகல் வாசனை வரும். பயப்பட வேண்டாம். துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயும் பெயிண்டும் சூட்டில் காய்கின்றன. வண்டியை நிறுத்தியதும் "டிக்... டிக்..." என்று கேட்பது, சூட்டில் விரிந்த உலோகம் ஆறிச் சுருங்கும் ஓசை.

பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் சோக் எங்கே என்று தேடுவார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் "ஙீ..." என்று ஓரிரு நொடி கேட்பது பெட்ரோல் பம்ப். அது டாங்கிக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக் குளிர்ச்சி பெறுகிறது. ஆகவே டாங்கி காய்கிற வரை ஓட்டி, வண்டியைச் சாய்த்து வைத்து கடைசிச் சொட்டை உறிஞ்சும் பழைய வித்தையெல்லாம் இதில் வேண்டாம்.

ரோட்டில் எதிரே வருபவர்கள் விரல்களை மடக்கி விரித்து "லைட் எரியுது" என்று சைகை காட்டுவார்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த புது இருசக்கர வண்டிகளில், இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். நாம் எதிரே வருபவர் கண்ணில் படுவதற்காக வந்த விதி அது. சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போங்கள்.

செயின் சில நாட்களில் தொளதொளவென்று ஆகும். "செயின் நீண்டுடுச்சு" என்போம். உண்மையில் தகடு நீள்வதில்லை. பின்னும் புஷ்ஷும் ஒன்றுக்கொன்று பதிந்து தேய்கின்றன. அந்தச் சிறு தேய்மானம் நூற்றுச்சொச்சம் கண்ணிகளில் சேர்ந்து தொய்வாகிறது. முதல் சர்வீஸ் வரை காத்திருக்காமல், அவ்வப்போது கையால் தூக்கிப் பாருங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு

இதுவரை சொன்னவை வண்டிக்கு. இனி சொல்லப் போவது நமக்கு.

ஒன்று, டயர். புது டயர் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்புதான் ஆபத்து. மேற்புறம் வழவழப்பாக இருப்பதால் பிடிப்பு குறைவு. முதல் 150 கி.மீ. வரையாவது வளைவுகளில் படுக்கப் போடாமல், மெதுவாகச் சாய்த்து ஓட்ட வேண்டும். ஈர ரோடு, மணல் சிதறிய திருப்பம், ரயில்வே கேட் தண்டவாளம் ஆகிய இடங்களில் இரட்டிப்புக் கவனம் தேவை. டயர் மினுமினுக்க பாலிஷ் போடுபவர்கள் தரையைத் தொடும் பாகத்தில் தயவுசெய்து போட வேண்டாம்.

இரண்டு, பிரேக். டிஸ்க்கும் பேடும் புதிதாக இருக்கும்போது முழுப்பரப்பும் ஒட்டாது. பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் படிந்த பிறகுதான் முழுப்பிடி வரும். காலி ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை படிப்படியாக பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கண்டு உணர்ந்து பிரேக்கைத் தொட 1 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பிடிப்பில் வேகம் குறையும் வீதம் நொடிக்கு நொடி 5 மீ. என்று கொள்வோம்.

40 கி.மீ. வேகத்தில்: 11 + 12 = சுமார் 23 மீட்டர்.
60 கி.மீ. வேகத்தில்: 17 + 28 = சுமார் 45 மீட்டர்.

வேகம் ஒன்றரை மடங்கு. நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரு மடங்கு! பழகாத டயர், பழகாத பிரேக்கால் அந்த 5 என்பது 3.5 ஆகக் குறைந்தால்? 60 கி.மீ. வேகத்தில் 17 + 40 = 57 மீட்டர். கூடுதலான 12 மீட்டர் கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் நீளம். அந்த பஸ் நம் முன்னால் நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

"முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதையும் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வண்டியும் ஆளும் சேர்த்து 180 கிலோ, எடை இரு சக்கரத்திலும் சரிபாதி, ஈர்ப்பு மையம் 0.6 மீ. உயரம், சக்கரங்களுக்கு இடைத்தூரம் 1.3 மீ. அதே 5 வீதத்தில் வேகம் குறைந்தால், 180 × 5 × 0.6 ÷ 1.3 = 415 நியூட்டன் எடை பின்னாலிருந்து முன்னால் நகர்கிறது. முன் சக்கரத்தில் 1298, பின் சக்கரத்தில் வெறும் 468 நியூட்டன். அதாவது முக்கால் பங்கு பிடிப்பு முன்னால்! பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் இருக்கும் பலத்தில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இல்லாமல் அழுத்தம் கூட்டிக்கொண்டே பிடிப்பதுதான் முறை. வண்டி சாய்ந்திருக்கும்போது கூடாது.

2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ்., அதற்கு மேல் ஏ.பி.எஸ். என்று கட்டாயமாயின. இவை உதவும். ஆனால் டயரில் இல்லாத பிடிப்பை எந்தப் பெட்டியாலும் உண்டாக்க முடியாது.

நமக்கும் ரன்னிங்-இன் உண்டு

கிளட்ச் எங்கே பிடிக்கிறது, எந்த வேகத்துக்கு எந்த கியர், பின்னால் ஒருவர் ஏறினால் வண்டி எப்படி மாறுகிறது... இதெல்லாம் கைக்கும் காலுக்கும் பதிய நாளாகும். அதுவரை டபுள்ஸ் வேண்டாம். ட்ரிபிள்ஸ் எப்போதுமே வேண்டாம்!

லைசென்ஸ் கைக்கு வராமல் சாவி கைக்கு வரக்கூடாது. ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். 2021 ஜூன் முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். தாடைப் பட்டையைப் போடாத ஹெல்மெட் தலையில் வைத்த தொப்பிதான். விழுந்ததும் முதலில் பறந்துபோவது அதுதான்.

"புதுசு மாப்ளே, ஒரு ரவுண்டு குடு" என்று கேட்கிற நண்பனிடம் என்ன சொல்வது? "ஆயிரம் முடியட்டும்டா, நானே தரேன்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வான். சாயங்காலம் டீக்கடையில் சரியாகிவிடுவான்.

ஒரு நாளைக்கு 30 கி.மீ. ஓட்டினால் ஆயிரம் முடிய ஐந்து வாரம்கூட ஆகாது. வண்டி நம்மோடு இருக்கப்போவதோ பத்து, பதினைந்து வருஷம். ஐந்து வாரம் பொறுப்போம் நண்பர்களே. வேகம் எங்கேயும் ஓடிப்போகாது!